மூன்று கோட்டுச் சிலுவை

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் பங்குச்சாமியாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை என்று கல்யாண அறிவிப்பு வாசிப்பதே, அதற்குத் தடை ஏதும் இருந்தால் ஊரார் சொல்லட்டும் என்றுதான். எனக்குத் தெரிந்து எங்கள் பங்கில் யாரும் வாயைத் திறந்ததில்லை. என் தங்கை ஷர்லியின் கல்யாணத்துக்குத்தானா திறக்க வேண்டும்?

சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அருள்மணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நோட்டில் கிழித்த தாள். ஒவ்வொரு எழுத்தையும் அச்சு மாதிரிப் பிரித்து எழுதியிருந்தது. 'மாப்பிள்ளை சார்லஸுக்கு மணமேல்குடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. மூன்றாம் ஓலையை நிறுத்துங்கள்.'

"கையெழுத்து தெரியக் கூடாதுன்னே எழுதியிருக்காங்கம்மா. கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாளின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை, அதன் அடியில் படி மாதிரிக் கோடுகள். எதை எழுதினாலும் முதலில் சிலுவை போடுவது பல கத்தோலிக்க வீடுகளில் உள்ளதுதான். அடியில் படி போடுவது மட்டும் எங்கள் தாத்தா பழக்கிவிட்டது. பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் போடுவோம். எங்கள் வீட்டையும் சித்தப்பா வீட்டையும் விட்டால் ஊரில் வேறு யாரும் போட மாட்டார்கள். பொய் எழுத உட்கார்ந்தபோதும் கைப்பழக்கம் போகவில்லை பாருங்கள்!

"எங்க சித்திதான்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. ஒங்க வீட்டுல ரெண்டு கோடுதான போடுவீங்க? இதுல மூணு இருக்கே."

"பதட்டத்துல ஒண்ணு கூட இழுத்திருக்கும்."

சித்தி மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. சார்லஸின் ஜாதகம், இல்லை, எங்களுக்கு ஏது ஜாதகம், அவனுடைய போட்டோவும் விவரமும் முதலில் போனது சித்தி மகளுக்குத்தான். நான்தான் பேசி இங்கிட்டுத் திருப்பினேன். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் என் பேச்சுதான் பேச்சு. மணிமேகலை சொன்னால் அம்மா தலையாட்டுவாள். குவைத்தில் வேலை, குடியில்லை, சொந்த வீடு. இப்படி ஒரு மாப்பிள்ளை கீரமங்கலம் பக்கம் தினமுமா வருகிறான்?

ஆனாலும் மனது அரித்தது. சித்தி கெட்டவள் என்பதற்காக அவள் எழுதியது பொய்யாகவே இருக்க வேண்டும் என்று இல்லையே? மறுநாளே அறந்தாங்கி வழியாக பஸ் பிடித்து சார்லஸின் சொந்த ஊரான மணமேல்குடி போனேன். டீக்கடையில் கேட்டேன், மீன் வாங்குகிற சாக்கில் பெண்களிடம் கேட்டேன். சார்லஸ் வீட்டு வாசலில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றதைப் பார்த்ததும் நேரே அவளிடம் போனேன். "நீங்க யாரு?" என்று போலீஸ் மாதிரி கேட்டேன். அவனுடைய அக்கா. பிரசவத்துக்கு வந்து, பிள்ளைக்கு வயது ஒன்றாகியும் புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் சொகுசாக இருக்கிறாள், அவ்வளவுதான். அந்த ஊர்ப் பங்குச்சாமியாரிடமும் போய், சார்லஸின் ஞானஸ்நானப் பதிவைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் ஆகியிருந்தால் அதன் ஓரத்தில் குறித்திருப்பார்கள். ஓரம் வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தேன். "தங்கம்டி ஒன் மாப்பிள்ளை! சல்லடை போட்டுச் சலிச்சுட்டேன்."

ஷர்லி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன்.

கடுதாசி வந்ததால் ஃபாதர் குவைத்திலிருந்த சார்லஸை போனிலும் ஷர்லியை நேரிலும் மறுபடி விசாரித்தார். ஷர்லியோடு நானும் உள்ளே போனேன்.

"ஷர்லி மட்டும் இருந்தாப் போதும்" என்றார் ஃபாதர்.

"பயந்த சுபாவம் ஃபாதர். நான் ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

"ஒனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமாம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

"முழுச் சம்மதம் ஃபாதர்" என்றேன் நான். ஷர்லியும் தலையை அசைத்தாள்.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். நான் ஊரெல்லாம் சித்தியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் பத்திரிகையும் வைக்கவில்லை. சார்லஸ் குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்று எனக்கு போன் செய்தான். "ஷர்லி எங்கிட்டப் பேசவே மாட்டேங்குதுங்க அண்ணி" என்றான். "கூச்சந்தான், போகப்போகச் சரியாயிரும்" என்றேன்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. பீடம் முழுக்க வெள்ளைப் பூ, வாசலில் பேண்டு செட். சித்தி பத்திரிகை இல்லாமலே வந்து கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஏதாவது கலாட்டா செய்வாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது உபதேசியார் என்னிடம் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பூசையில் பெண் வீட்டார் வாசிக்கிற மன்றாட்டு ஜெபம். எங்கள் பங்கில் அதைப் பெண்ணே கைப்பட எழுதுவாள், கூடப் பிறந்தவர் வாசிக்க வேண்டும். தடுமாறாமல் வாசிக்கலாமே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளப் பிரித்தேன்.

உச்சியில் சிலுவை. அடியில் மூன்று கோடு.

மூன்றும் அளவெடுத்த மாதிரி இருந்தன. பதட்டத்தில் இழுத்த கோடு ஒன்றும் அதில் இல்லை. எப்போதிருந்து இவள் மூன்று போடுகிறாள்? எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவள் எழுதிய ஒரு தாளைக்கூட நான் நின்று பார்த்ததில்லை. "எனக்கு இப்ப வேணாங்க்கா" என்று பேச்சு தொடங்கிய அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். "எல்லாப் பொண்ணுங்களும் இதைத்தான் சொல்லும்" என்று சிரித்துவிட்டுப் போனேன். ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை.

பீடத்தின் முன் இருவரும் எழுந்து நின்றார்கள். ஃபாதர் கேட்டார், "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு வந்திருக்கிறீர்களா?"

சார்லஸ் "ஆம்" என்றான். ஷர்லி ஃபாதரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் விரிந்திருந்த தாளைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. அவள் வாய் திறப்பதற்குள் நான் எழுந்தேன்.

"ஃபாதர், ஒரு நிமிஷம். அந்தக் கடுதாசி யாரு போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு."

கோயில் மொத்தமும் திரும்பிச் சித்தியைப் பார்த்தது. நான் செய்து வைத்த வேலை அது. சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சித்தி இல்ல. சித்தி, என்னைய மன்னிச்சுக்கங்க. மாப்பிள்ளை மேலயும் ஒரு குத்தமும் இல்ல. ஃபாதர், அன்னைக்குக் கேட்டதை ஷர்லிகிட்ட மறுபடி கேளுங்க. என்னைய வெளிய அனுப்பிட்டு, தனியாக் கேளுங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஃபாதர் ஷர்லியை உள்ளறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். சார்லஸ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

வாசலில் பேண்டுக்காரர்கள் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னக்கா, கல்யாணம் முடிஞ்சிருச்சா? அடிக்கலாமா?"

"இருங்கண்ணே" என்றேன். "இப்பத்தான் பொண்ணைக் கேக்குறாங்க."