வைக்கோலுக்கு இடமில்லை

பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிக் கட்டுவதில் விருத்தாசலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தற்பெருமைதான், இருக்கட்டும். 2006இல் எங்கள் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது, தொண்ணூறு பெட்டியையும் நானே கட்டி, லாரியிலேயே சென்னைத் துறைமுகம்வரை போனேன். இந்தச் சரக்கு போய்ச் சேராவிட்டால் சூளையை மூடிவிடுவதாக முதலாளி கோகுலகிருஷ்ணன் சொல்லியிருந்தார். பதினோரு பெண்களின் பிழைப்பு அது.

துறைமுகத்துக் கிடங்கில், சரக்கைக் கப்பலேற்றிவிடும் ஏஜென்ட் ஒரு பெட்டியைப் பிரித்தார். முகம் மாறியது.

“வைக்கோலாம்மா? பூச்சி வரும்னு ஜெர்மனியில இறக்கவே விடமாட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள மாத்திக் கட்டலன்னா கப்பல் நமக்காக நிக்காது.”

மணி பத்து. கூட வந்திருந்த முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வைக்கோலில் என்ன பூச்சி? எங்கள் ஊர் மாடெல்லாம் தின்று நன்றாகத்தானே இருக்கிறது?

பக்கத்தில், கப்பலில் வந்திறங்கிய பீங்கான் கோப்பைகளைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றைச் சுற்றியிருந்த தாள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பிரிக்காத கோப்பை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தாளைக் குறுக்காக மடித்து, கைப்பிடிக்குள் ஒரு முறுக்கு விட்டு, முனையை உள்ளே செருகியிருந்தது. பிரித்தேன், அதே மாதிரி சுற்றினேன், ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குத் தெரியாத வித்தை. என்னைப்போல் எவளோ ஒருத்தி சுற்றியிருப்பாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“சீனா,” என்றார் சுமைதூக்கும் காத்தவராயன். “தாளு குப்பைக்குத்தான் போவுது, எடுத்துக்குங்க.”

முதலாளியையும் எழுப்பி வேலையில் இறக்கினேன். காத்தவராயன் இரண்டு பேரோடு வந்து கைகொடுத்தார். சோறு தண்ணீர் இல்லை. நாலரைக்குக் கடைசிப் பெட்டி கன்டெய்னருக்குள் ஏறியது.

பிறகுதான் நிமிர்ந்து கப்பலைப் பார்த்தேன். எங்கள் ரயில்வே ஜங்ஷன் மொத்தமும் அதன் வயிற்றுக்குள் அடங்கும்போல் இருந்தது. மேலே எத்தனை நூறு கன்டெய்னரோ, எந்தெந்த நாட்டு எழுத்தோ. கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறும், அப்புறம் ஒரு மாதம் கடல்தான் என்றார் ஏஜென்ட். பக்கத்து ஊர் பெண்ணாடம் பஸ் எங்கே நிற்கும் என்பதையே நான் இரண்டு பேரிடம் கேட்பேன். மலைத்துப்போய் நின்றேன்.

கிரேன் எங்கள் கன்டெய்னரைத் தூக்கியது. அந்தரத்தில் அது லேசாக ஆடியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒடைஞ்சிடுமா வளர்மதி?”

“ஒடையாதுங்க,” என்றேன். முகம் தெரியாத அந்தச் சீனாக்காரிமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.