செத்துப்போன இருபது தண்ணிப்பூச்சிகள்

குப்பைக்கிடங்கில் கசிகிற தண்ணீர் என்று சொல்லி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு கிடங்கின் மேற்பார்வையாளரே ஆய்வகத்துக்கு வந்தார். வந்தவர், அங்கே தண்ணீரைச் சோதிக்கிறவளின் சொந்தச் சித்தப்பா. அதுதான் வம்பே.

"பாப்பா, பாஸ்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. கால்வாய்ல திறந்து விடணும், மேல இருக்கிறவனுங்க உயிரை எடுக்கிறானுங்க."

"பூச்சியை விட்டு, பிழைக்குதான்னு பாக்காம ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்."

குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், கடுகளவு தண்ணிப்பூச்சிகளைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சிக் கிண்ணத்தில் விடுவது அவருக்குச் செரிக்கவில்லை.

"இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

"பேன் பாக்குறதுக்குப் பட்டம் இல்லைன்னுட்டாங்க சித்தப்பா."

அந்தக் கால்வாய் அவர்கள் இருவர் வீட்டுக்கும் பின்னால்தான் ஓடுகிறது. அதன் கரையிலிருக்கும் கிணறுதான் தெருவுக்கே குடிதண்ணீர். அவள் கேனை முகர்ந்தாள். நாற்றமே இல்லை.

"கிடங்குத் தண்ணி எப்போ இவ்வளவு பளிச்சுன்னு ஆச்சு?"

"மணல்ல வடிகட்டுறோம்ல!"

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேன் தண்ணீரில் விட்ட இருபதும் அடியில் கிடந்தன. ஆய்வகத்துத் தண்ணீரில் விட்ட இருபதும் துள்ளிக்கொண்டிருந்தன. சித்தப்பாவை வரச் சொன்னாள்.

"எல்லாம் காலி."

"சாகவே சாகாது! அன்னைக்கு நானே ஒரு டம்ளர் குடிச்சேன், ஜில்லுன்னு…" நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் உப்பளவு காட்டும் மீட்டரைக் கேனில் முக்கினாள். கிட்டத்தட்ட பூஜ்யம்.

"எங்க பிடிச்சீங்க?"

"ஆபீஸ் சுத்திகரிப்பு மெஷின்ல."

"அது உப்பையெல்லாம் உருவிடும். உங்களுக்குச் சோத்துல உப்பு கிடைக்கும், பூச்சிக்கு யாரு ஊட்டுவா? திருடத் தெரியலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே!"

"அப்ப… பாஸா?"

அவள் ரப்பர் பூட்ஸை மாட்டினாள், காலிக் கேனை அவர் கையில் திணித்தாள், கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கசிவுக்குழியில் தண்ணீர் தார் மாதிரி கிடந்தது. நுரை வேறு. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுல விட்டா பூச்சி பாவம்டி."

"பூச்சி மட்டும்தானா? சித்தி எந்தத் தண்ணியில உலை வைக்கிறாங்க?"

அவர் மூக்கைப் பொத்திய கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "கால்வாய்ல விடக் கூடாதுன்னு எழுதிடும்மா. பெரிசா எழுது" என்றார்.

"பாத்துட்டுத்தான் எழுதுவேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் கால்வாய்க்குத் திறக்கிற மதகுச் சாவியை இப்படிக் குடுங்க."

சித்தப்பா சட்டைப்பையைத் துழாவினார்.