வடக்குச் சுவரில் இரண்டேகால் மணி நேரம்

அந்த ஏரி ஏரியாகப் பிறந்ததல்ல. இருபது வருஷம் வெடி வைத்துப் பிளந்து, கல்லை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய பள்ளம். குவாரியை மூடிய அன்று அடியில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த பம்புகளை நிறுத்தினார்கள். ஊற்றும் மழையும் சேர்ந்து நாலே வருஷத்தில் பள்ளத்தை நிரப்பிவிட்டன. பிறகு ஒரு கம்பெனி வந்து தெற்குக் கரையில் மணலைக் கொட்டி, குடைகள் நட்டு, மிதிபடகும் காற்றடைத்த வாழைப்பழப் படகும் வாங்கிவிட்டு, வாசலில் டிக்கெட் கவுண்டர் போட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடம் இருக்காது.

மோட்டார் படகு ஓட்டுவது அவள் வேலை. போட்டுக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வாழைப்பழப் படகில் ஆறு பேரைக் குதிரைமேல் உட்காருகிற மாதிரி உட்காரவைத்து, கயிற்றைத் தன் படகில் மாட்டி, ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கரை சேர்க்க வேண்டும். விழுந்தவர்களைத் தூக்கித் திரும்பப் படகில் போட வேண்டும். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும், "அண்ணன் பெரிய குடிகாரனாமே?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தன.

அவளுடைய அண்ணன் ஒரு சொட்டு குடித்ததில்லை. அப்பா குடித்தே செத்தவர். அவரை வீதியிலிருந்து தூக்கி வந்து தூக்கி வந்தே தோள் காய்த்தவன் அவன். அந்த வாடை வந்தாலே எழுந்து வேறு பக்கம் போய் உட்காருவான். இதே குவாரியில் அவன்தான் வெடிகாரன். துளையில் மருந்து திணித்து, ஒயரை இணைத்துவிட்டு மேலே ஏறி வருவான். மூன்று முறை சங்கு ஊதி, ஆள் யாரும் கீழே இல்லை என்று பார்த்த பிறகுதான் ஃபோர்மேன் பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் சட்டம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சங்கு ஒரே ஒரு தடவைதான் ஊதியது. மேலே கல் ஏற்ற லாரிகள் வரிசையாக நின்றிருந்தன; ஃபோர்மேனுக்கு அவசரம். அண்ணன் பாதி ஏற்றத்தில் இருந்தான். உயிர் தப்பியது. இரண்டு காதும் போயின. இடது கையில் மூன்று விரல்கள் போயின. அதோடு பேரும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது சட்டை முழுக்கச் சாராய வாடை. "குடித்துவிட்டு வெடிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்" என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம் ஊருக்கு அவன் 'தண்ணிவண்டி' ஆனான்.

அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள்தான். அப்போது பத்தொன்பது வயது. வாடை சட்டையின் முன்பக்கத்தில் மட்டும் இருந்தது, யாரோ மேலேயிருந்து கவிழ்த்த மாதிரி. மயக்கத்தில் கிடந்த அண்ணனின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்திருந்தாள். வாயில் இரத்த வாடைதான். போகிற இடமெல்லாம் சொன்னாள். குடிகாரன் தங்கச்சி வேறு எப்படிப் பேசுவாள் என்று கேட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. அம்மா, மகள், மாப்பிள்ளை, முன்னால் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பெரியவர். உயிர்காப்புச் சட்டைகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தவள், அவருடைய குரலைக் கேட்டதும் நிமிர்ந்தாள். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது. குரல் மாறவில்லை. ஃபோர்மேன்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் அவனுக்கு என்றைக்கு இருந்தது?

"இதெல்லாம் யாரு தோண்டின பள்ளம்னு நினைக்கிறீங்க மாப்பிள்ளை?" என்று கையை வீசி ஏரியைக் காட்டினான். "ஒவ்வொரு அடியும் நம்ம கண்ணு முன்னாடி போனது. எப்பேர்ப்பட்ட ஆளுங்களை வெச்சு வேலை வாங்கினேன் தெரியுமா? ஒருத்தன் இருந்தான், வெடிகாரன். காலையிலேயே தண்ணி போட்டுட்டு, வெடிக்கு ஒயரை மாட்டிட்டு, அதுக்குப் பக்கத்துலயே தலையணை வெச்ச மாதிரி படுத்துத் தூங்கிட்டான்!"

"அய்யோ, அப்புறம்?" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

"அப்புறம் என்ன? டமார்! நான்தான் தூக்கிட்டு ஓடினேன். முழிச்சுப் பார்த்துட்டு, 'சங்கு ஊதுச்சா சார்?'னு கேக்குறான். காதே இல்ல, அவனுக்கு எதுக்குச் சங்கு?"

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

போட்டுக்காரி கையிலிருந்த உயிர்காப்புச் சட்டையின் வாரை அவிழ்த்து அவிழ்த்து மாட்டினாள். பன்னிரண்டு வருஷமாக அவனைப் பார்த்தால் என்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாய் மட்டும் தானாகப் பேசியது.

"சார், வடக்குச் சுவர்ல பழைய படி ஒண்ணு இன்னும் தண்ணிக்கு மேல நிக்குது. பெயிண்டுல எழுதின நம்பர்கூட அழியல. பாக்குறீங்களா? மிதிபடகெல்லாம் அங்க விட மாட்டாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா? இங்க வேலை செய்யுறவங்களுக்குத் தெரியுது நம்ம யாருன்னு!"

கிளம்பும் முன் கவுண்டருக்குப் போனாள். தண்ணீரில் இறங்குகிற எல்லோரும் அங்கே ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'எனக்கு ஏதேனும் நேர்ந்தால் நானே பொறுப்பு.' ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டிருந்த பாரத்தை உருவி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்குடி அது?" என்றாள் கவுண்டர் அக்கா.

"சார் முழுசா எழுதல அக்கா. பின்பக்கம் பாக்கி இருக்கு."

வடக்குச் சுவர் செங்குத்தாக நின்றது. அடியில் ஒரு கட்டில் அகலத்துக்கு ஒரு கல்படி. பகல் வெயில் நேராக அதன்மேல் விழும். கீழே நூறு அடி ஆழம். படகை ஒட்டி நிறுத்தினாள்.

"செருப்பு வழுக்கும் சார், கழட்டிடுங்க. ஏறி நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தரேன். அந்தச் சட்டை வேணாம் சார், போட்டோல மூட்டை மாதிரி தெரியும்."

செருப்பைக் கழற்றினான். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிப் படகில் போட்டான். போனையும் அவள் கையில் கொடுத்தான். படியில் ஏறி, இடுப்பில் கை வைத்து, சுவரையே தான்தான் கட்டியது போல நெஞ்சை நிமிர்த்தினான். அவள் நிஜமாகவே ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு போனைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுப் படகைப் பின்னால் எடுத்தாள்.

"ஏம்மா, எங்க போற?"

"நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். கரையில சொன்னீங்களே ஒரு வெடிகாரன் கதை, அது என் அண்ணன்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது.

"சங்கு எத்தனை தடவை ஊதினீங்க, சட்டையில சாராயத்தை ஊத்தினது யாரு, ரெண்டையும் எழுதி கையெழுத்துப் போடுங்க. கூட்டிட்டுப் போறேன்."

"என்னடி, மிரட்டுறியா? உன் வேலையைக் காலி பண்ணிடுவேன். யார்கிட்ட பேசுறன்னு தெரியுதா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். யோசிச்சுட்டு இருங்க. எனக்கு அடுத்த சவாரிக்கு ஆளு நிக்கிது."

கரைக்கு வந்ததும் அவன் மனைவியிடம் சொன்னாள்: "சார் பழைய ஞாபகத்துல கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னாரும்மா. போன்கூட வேணாம்னுட்டார்." அவன் மனைவி, "அவருக்கு எப்பவும் குவாரி நினைப்புதான். இருக்கட்டும்" என்று சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள். தூரத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்தவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தான். மகள் எழுந்து நின்று சந்தோஷமாகத் திரும்பக் கை வீசினாள். மாப்பிள்ளை விசிலடித்தான்.

போட்டுக்காரி கயிற்றை மாட்டி, ஆறு காலேஜ் பெண்களை இழுத்துக்கொண்டு போனாள். எப்போதும் நடு ஏரியோடு திரும்புகிறவள் அன்று வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போனாள். பெண்கள் கூச்சலிட்டார்கள். படகு கிளப்பிய அலை படிமேல் ஏறி அவன் கணுக்காலை நனைத்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏதோ கத்தினான். கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. காது கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

சவாரியை இறக்கிவிட்டு ஆள் இல்லாத படகோடு திரும்பிப் போனாள். ஒரு மணி ஆகியிருந்தது. அவன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். கல் சுட்டது. தொப்பி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"உங்க அண்ணனுக்கு ஏதாவது வேலை ஏற்பாடு பண்ணித் தரேன்மா. எனக்குப் பெரிய ஆளுங்களைத் தெரியும்."

"மூணு விரலையும் அவங்க தருவாங்களா?"

"அது விபத்தும்மா..."

"அப்ப சட்டை?"

அவன் கண் கீழே போயிற்று. பன்னிரண்டு வருஷம் ஊர் நம்பாததை அந்தக் கண் ஒரு நொடியில் ஒப்புக்கொண்டது. அவளுக்கு அது போதவில்லை. படகைத் திருப்பினாள்.

அடுத்த சவாரி முடிந்து போனபோது உட்கார்ந்திருந்தான். கழுத்தும் நெற்றியும் செக்கச்செவேலென்று ஆகியிருந்தன. உதடு வெடித்திருந்தது. படிவிளிம்பில் குனிந்து ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளப் போனவன் ஒரு நிமிஷம் நிலைதடுமாறினான். விழட்டும் என்று அவள் நினைத்தாள். அவனைத் தூக்கத் தன் கை நீளாது என்றும் அவளுக்குத் தெரிந்தது. அவன் நான்கு காலில் பின்னால் ஊர்ந்து தப்பித்துக்கொண்டான். பிற்பாடு கவுண்டர் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அப்படி நினைத்ததை அவள் மறைக்கவில்லை.

"தாயே, தண்ணி குடும்மா."

"எழுதுங்க."

"பேப்பரைக் குடு."

துடுப்பின் நுனியில் பாரத்தையும் பேனாவையும் வைத்து நீட்டினாள். முழங்காலில் வைத்து எழுதினான். 'சங்கு ஒரு முறைதான் ஊதினேன். அவர் மேலே ஏறுவதற்குள் அழுத்திவிட்டேன். அவர் குடித்திருக்கவில்லை. சாராயத்தை அவர் சட்டையில் ஊற்றியது நான்.' கீழே கையெழுத்து, மறுபக்கத்தில் இருந்ததே போல.

"சத்தமா படிங்க."

படித்தான். அப்புறம்தான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள்.

படகில் ஏறி உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டதும் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பியது போலிருந்தது. "மிரட்டி வாங்கினது எந்தக் கோர்ட்லயும் நிக்காது" என்றான்.

"கோர்ட்டுக்குன்னு யாரு சொன்னது?"

இரண்டே காலுக்குக் கரை சேர்ந்தார்கள். மகள் பதறி ஓடிவந்தாள். "என்னப்பா இப்படிச் செவந்து போயிட்டீங்க?" போட்டுக்காரி பாரத்தை அவள் கையில் கொடுத்தாள். "உங்க அப்பா கையெழுத்துத்தானேம்மா? படிச்சுப் பாருங்க."

மகள் நின்ற இடத்திலேயே படித்தாள். இரண்டாவது முறை படித்தாள். பக்கத்தில் வந்த மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்துவிட்டு, மாமனாரை விட்டு நகர்ந்து நின்றான்.

"இவ என்னைக் கல்லுல உக்கார வெச்சுக் கொல்லப் பார்த்தா! போலீசைக் கூப்பிடு!" என்று கத்தினான் ஃபோர்மேன்.

"கூப்பிடலாம்பா" என்றாள் மகள். "இந்தக் காகிதத்தையும் சேர்த்துக் குடுப்போமா? காலையில இதுக்கா நாங்க சிரிச்சோம்?"

மகள் பாரத்தைப் போட்டுக்காரியிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் மனைவி பரப்பி வைத்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினாள். கார் கிளம்பும்போது முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்காராமல் பின்னால் மகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வரவில்லை.

மேனேஜர் வந்தார். விருந்தாளியைப் படகிலிருந்து இறக்கிவிட்டு வந்தவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சாவியை மேசைமேல் வைத்தாள். அதற்குள் கவுண்டர் அக்கா பாரத்தைத் தன் போனில் படம் பிடித்து, பழைய குவாரி ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். 'தண்ணிவண்டி' என்ற பெயரை முதலில் வைத்தவரே அவர்தான்.

வீட்டில் அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒரு மின்விசிறி மோட்டாருக்கு, மிச்சமிருந்த விரல்களால் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினாள். கம்பியை விடாமல் ஒரு கையில் பிடித்தபடியே படித்தான். நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தான். அவள் வார்த்தை வார்த்தையாக நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் உக்கார வெச்ச?"

"ரெண்டே கால் மணி நேரம்."

"வெயில்லயா?"

"உச்சி வெயில்ல. செருப்பு இல்லாம."

அவன் மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"போதாது" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சுற்றிய கம்பியை முடிச்சுப் போட்டு வெட்டினான்.

"நாளைக்குக் காலையில டீக்கடைக்குப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்குண்ணா?"

"எல்லாரும் இருப்பானுங்க, ஒரே நேரத்துல பேசுவானுங்க, நான் எத்தனை உதட்டைப் பாக்குறது? படிச்சதுக்கப்புறம் ஒவ்வொருத்தனும் என்ன சொல்றான்னு எனக்கு யாரு சொல்றது? ஒரு வார்த்தை விடாம சொல்லணும்."