வலது லென்ஸ், இடது லென்ஸ்

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘கட்டம்’. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவு தைரியம் அங்கே ஒருத்தருக்கும் கிடையாது. ஆனால் நான் மாடிப்படி ஏறி வரும்போது “கட்டம் வருது, கட்டம் வருது” என்று கிசுகிசுப்பது காதில் விழாமலா போகும்? விழட்டும். பதினெட்டு வருடமாகக் கட்டம் போட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ மென்பொருள் எழுதுவதற்கு முன்னால், அங்கே காரியம் எப்படி நடக்கிறது என்று படமாகப் போட வேண்டும். யார் யார் புழங்குகிறார்கள் என்பதற்குக் குச்சி மனிதர்கள். என்னென்ன பொருள் இருக்கிறது என்பதற்குக் கட்டங்கள். ஒரு பொருள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகும் என்பதற்கு அம்புக்குறிகள். பார்ப்பதற்குக் குழந்தை கிறுக்கினது மாதிரி இருக்கும். ஆனால் படத்தில் ஒரு வழி இல்லையென்றால் அப்புறம் கம்ப்யூட்டரில் தலைகீழாக நின்றாலும் அந்த வழி கிடைக்காது. இதை எங்கள் மேனேஜருக்கு மாதம் ஒரு தடவை தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார்கள். ஒரு பெரிய கடை, ஒரு கிளை. ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள்தான் மென்பொருள் செய்து கொடுத்தோம். இப்போது அதைப் புதுப்பிக்க வேண்டுமாம். கடை முதலாளி மரியாதையான மனிதர், வாடிக்கையாளர் யாராவது முகம் சுளித்தால் மட்டும் தாங்க மாட்டார்.

“சாஃப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது மேடம். பிரச்சினை ஆளுங்ககிட்ட” என்று திரையை என் பக்கம் திருப்பினார். அதற்கு முந்தின மாதத்து ஆர்டர்கள். அதில் முப்பத்தெட்டு வரிகள் சிவப்பில் இருந்தன. முப்பத்தெட்டும் ஐந்து நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நின்றவை: ‘பொருத்தும் மேஜை’.

“லென்ஸை பிரேம்ல மாட்டறதுக்கு ஒன்பது நாளா? எங்க கிளையில இதே வேல பாக்கறவர் கணக்குல ஒரு சிவப்புகூட இல்ல, பாருங்க. திங்கட்கிழமை நீங்க புதுப் படத்த காட்டறீங்க இல்ல? அன்னிக்கே இங்க லென்ஸ் மாட்டற அந்தம்மாவ வேலையிலேர்ந்து நிறுத்தறதையும் முடிவு பண்ணிடப் போறேன்.”

நான் தலையாட்டினேன். எனக்கென்ன, என் வேலை படம் போடுவது.

கடைக்குப் பின்னால் பட்டறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, லென்ஸின் ஓரத்தைச் சீவும் மெஷின், அதிலிருந்து எப்போதும் தெறிக்கிற தண்ணீர். சுவர் முழுக்கத் தட்டுகள் அடுக்கிய அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிரேம், வலப்பக்கம் ஒரு காகித உறை, இடப்பக்கம் ஒரு காகித உறை, நடுவில் ஆர்டர் சீட்டு. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தொடும் வயது இருக்கும். கடையில் எல்லோரும் அவரை ‘மில்லிமீட்டர் அக்கா’ என்றுதான் சொன்னார்கள். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவாராம்.

நான் போட்டிருந்த முதல் படத்தை அவரிடம் காட்டினேன். “இது நீங்க.”

குச்சி மனிதனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “விரலே இல்லையே? விரல் இல்லாம நான் என்ன வேல பாக்கறது?”

“அது ஒரு அடையாளம்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்.”

“மொதலாளிக்குமா?”

“அவருக்கும்தான்.”

“அப்ப சரி” என்று சிரித்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரிச் சொன்னார்: “என்னைத் தூக்கப் போறாங்கன்னு தெரியும் மேடம். பதினாலு வருஷமா இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருக்கேன். பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறா. இந்த வயசுல வேற எங்க போய் நிக்கறதுன்னுதான் யோசனையா இருக்கு. சரி, நீங்க கேக்க வந்தத கேளுங்க.”

எதையாவது கேட்க வேண்டுமே என்று, “இந்தத் தட்டெல்லாம் ஏன் இப்படி நிக்குது?” என்று கேட்டேன்.

ஒரு தட்டை எடுத்து வைத்தார். வலது உறையில் லென்ஸ் இருந்தது. இடது உறை காலி. சீட்டின் ஓரத்தில் குட்டிக் குட்டியாக எழுதியிருந்தது: ‘இடது – கீறல். போன் பண்ணியாச்சு’. கீழே தேதி.

“லென்ஸ் தொழிற்சாலையிலேர்ந்து வருதுல்ல, அஞ்சு ஜோடிக்கு ஒண்ணுல ஏதாவது ஒரு லென்ஸ் சொத்தையா இருக்கும். கீறல் இருக்கும், இல்ல பவர் கொஞ்சம் மாறியிருக்கும். நான் அத மாட்ட மாட்டேன். வேற லென்ஸ் வரணும்.”

“கம்ப்யூட்டர்ல ‘மறு ஆர்டர்’னு ஒரு பட்டன் இருக்கே?”

“இருக்கு. அத அமுக்கினா ரெண்டு லென்ஸும் புதுசா வரும். நல்லா இருக்கற வலது லென்ஸ குப்பையில போடணும். எனக்கு மனசு வரல. அதனால தொழிற்சாலைக்கு போன் போட்டு, ‘தம்பி, இடது மட்டும் அனுப்பு’ம்பேன். ஆர்டர் இல்லாம அனுப்பறதால அவனுக்குத் தோதுப்படறப்ப அனுப்புவான். அதுவரைக்கும் தட்டு இங்கேயே நிக்கும்.”

“கிளையில இருக்கறவர்?”

“அவரு பட்டன அமுக்கிடுவாரு. புது ஆர்டர், புது நம்பர், புதுத் தேதி. பழசு முடிஞ்சதா காட்டும். அப்புறம் எங்கேர்ந்து சிவப்பு வரும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மடையன் யார், எந்தக் கூறு கெட்டவன் இந்த மென்பொருளுக்குப் படம் போட்டான்? கண் இரண்டு, லென்ஸ் இரண்டு. ஒன்று வந்து இன்னொன்று வராமல் நிற்க ஒரு நிலை வேண்டாமா? ஆர்டர் வந்தது, லென்ஸ் வந்தது, பொருத்துகிறார்கள், தயார் என்று நேர்கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். எவன் அவன், கையில் கிடைத்தால் சும்மா விடப்போவதில்லை என்று பொருமிக்கொண்டே அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்பைத் தேடி எடுத்தேன்.

படம் அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு கட்டம், ‘கண்ணாடி’ என்று. வலப்பக்கம் கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து.

ஞாபகம் வந்தது. அந்த வாரம் எனக்கு மூன்று வேலை. கடைக்குப் போகவே இல்லை. முதலாளியிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு மத்தியானத்துக்குள் போட்டு முடித்தேன். முதலாளிக்குக் கண்ணாடி என்றால் ஒரே பொருள்தான். விற்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். பட்டறையில் அது முடிகிற நிமிடம் வரைக்கும் இரண்டு தனித்தனி லென்ஸ். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “இதுக்குப் போயி ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க? ‘லென்ஸைத் தனித்தனியாகப் பின்தொடரும் புது வசதி’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. கஸ்டமரும் சந்தோஷப்படுவாரு. நம்ம தப்புன்னு நாமளே எதுக்கு மைக் போட்டு சொல்லணும்?”

“புது வசதின்னு சொன்னா பழைய முப்பத்தெட்டு சிவப்பும் அந்தம்மா தலையிலதானே சார் நிக்கும்?”

“அது அவங்க கடை விவகாரம். நாம ஏன் மூக்க நுழைக்கணும்?”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும்போது என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “அந்தத் தட்டு உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? இந்தப் போடு போடற.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீ தப்பே பண்ண மாட்டேன்னு நானும்தான் இத்தன வருஷமா நம்பிட்டிருந்தேன். அநியாயமா ஏமாந்துட்டேனே” என்றார்.

“கிண்டல் பண்ணாதீங்க. பதினெட்டு வருஷம் அந்த ஆபீஸ்ல எல்லாரையும் மெரட்டியிருக்கேன். ‘போய்ப் பாக்காம படம் போடாதே’ன்னு எத்தன பேர அழ விட்டிருக்கேன் தெரியுமா? இப்ப நானே போய், பாக்காம போட்டேன்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்?”

“போகட்டுமே. அந்தம்மாவுக்கு வேலை போகுது, உனக்கு மானம்தானே போகுது? ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும்.” துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த மனுஷனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான்: சண்டை போட இடமே கொடுக்க மாட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பட்டறையிலேயே உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு சீட்டையும் அக்கா ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தோம். முப்பத்தாறு, ஒரு லென்ஸுக்காகக் காத்திருந்தவை. ஒன்று, பிரேமை மாற்றச் சொல்லிவிட்டு ஆளே வராத ஒருவருடையது. கடைசி ஒன்றுக்கு அக்கா தானாகவே சொன்னார்: “இது என் தப்பு. காய்ச்சல்னு படுத்திட்டேன். எழுதிக்குங்க.” எழுதிக்கொண்டேன். லென்ஸ் இரண்டும் கைக்கு வந்த பிறகு அவர் மாட்டி முடிக்க ஆகிற நேரம், நான் கடிகாரம் பார்த்துக் குறித்தது, இருபத்தைந்து நிமிடம்.

திங்கட்கிழமை முதலாளியின் அறையில் நானும் மேனேஜரும் உட்கார்ந்தோம். பழைய படத்தை மேஜையில் விரித்தேன். மேனேஜர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும்.

“சார், இந்த ஒரு கட்டம்தான் பிரச்சினை. இங்க ரெண்டு கட்டம் இருந்திருக்கணும், வலது லென்ஸ், இடது லென்ஸ்னு. ஒண்ணு கெட்டுப் போனா அத மட்டும் திருப்பிக் கேக்க வழியே இல்ல. நல்ல லென்ஸ தூக்கிப் போட மனசில்லாம அக்கா காத்திருந்திருக்காங்க. அந்தக் காத்திருப்பத்தான் உங்க கம்ப்யூட்டர் அவங்க மெத்தனம்னு காட்டுது. கிளையில சிவப்பு இல்லைன்னீங்களே, அங்க நல்ல லென்ஸெல்லாம் குப்பைக்குப் போகுது.”

“இந்தப் படத்த யார் போட்டது?”

“நான்தான். கடைக்கு வந்து பாக்காம, போன்ல கேட்டுட்டு போட்டேன். தப்பு என்னுது.”

வாயை விட்டு வெளியே வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

முதலாளி, நான் கொண்டுபோயிருந்த அட்டைப் பெட்டியிலிருந்த சீட்டுகளைப் புரட்டினார். பத்துப் பதினைந்து சீட்டு படித்திருப்பார். அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே சார். ரெண்டு தடவ சொன்னேன். கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அத பண்ணுங்கன்னீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று என் புதுப் படத்தை எடுத்து அக்காவின் பக்கம் தள்ளினார். “இதையாவது நீங்க பாருங்க. சரியா இருந்தா ‘சரிபார்த்தவர்’னு போட்டிருக்கற இடத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டு போங்க.”

அக்கா நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். விரலை ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் வைத்து நகர்த்தினார். பத்து நிமிடம் ஆயிற்று. மேனேஜர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இல்ல சார். நான் போட மாட்டேன்.”

“ஏன்?”

“எல்லா ஆர்டருக்கும் ரெண்டு லென்ஸ்னு மேடம் போட்டிருக்காங்க. சில பேருக்கு ஒரு பக்கத்து லென்ஸ்தான் மாத்தணும், இன்னொண்ணு பழசே இருக்கும். அவங்களோட தட்டு வராத லென்ஸுக்காக ஆயுசுக்கும் காத்துக்கிட்டு நிக்குமே. இது இன்னும் சரியில்ல.”

மேனேஜர் பெருமூச்சு விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் அந்தப் பட்டறையிலேயே பழிகிடந்து போட்ட படம்! பென்சிலை எடுத்து, ‘2’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘1 அல்லது 2’ என்று எழுதினேன். ஒற்றை லென்ஸுக்குத் தனியாக ஒரு அம்புக்குறி இழுத்தேன்.

“இப்ப?”

அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார். “இப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டார். “மெஷின ஓட விட்டுட்டு வந்திருக்கேன் சார், போறேன்” என்று எழுந்து போய்விட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவு மூடியதும் முதலாளி என்னைப் பார்த்தார். “இன்னிக்கு அவங்கள நிறுத்தறதா இருந்தேனே, அது அவங்களுக்குத் தெரியுமா?”

“போன வாரமே தெரியும் சார்.”

“இந்தப் படம்தான் அவங்கள காப்பாத்துதுன்னு?”

“அதுவும் தெரியும். சீட்டெல்லாம் என்கூட உக்காந்து எண்ணினதே அவங்கதானே.”

“அப்படியிருந்துமா கையெழுத்து போட மாட்டேன்னாங்க?”

“ஆமா சார்” என்றேன்.

அவர் அந்தக் கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டறைப் பக்கம் நடந்தார்.