கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது?

ஒரே காலையில் நாலாயிரம் பின்னூட்டங்கள் வந்து விழுந்திருந்தன. சூதாட்டம், உடனடிக் கடன், ஆண்மை மாத்திரை, என்னவென்றே புரியாத மொழிகள். திருப்பாலைக்குடிக் கிணறுகளுக்காக இஃப்ரா ஒரு சின்ன இணையதளம் நடத்திவந்தாள். இறால் பண்ணை வந்த பிறகு யார் வீட்டுக் கிணறு எப்போது உப்பானது என்று சனங்களே அதில் எழுதுவார்கள். அப்படி எழுதிய அறுபத்தெட்டுப் பேரும் இப்போது குப்பைக்கு அடியில் கிடந்தார்கள்.

"கமெண்ட மூடிரு," என்றான் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் தவ்ஃபீக், போனில். "மெஷின் தன்னால அனுப்புது. அதோட மல்லுக்கட்ட ஏலுமா?"

"மூடிட்டா பண்ணைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். மாட்டேன் மச்சான்."

மொத்தமாக அழிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, கூட்டல் கணக்குப் போட்டால்தான் எழுத முடியும் என்று வைத்தாள். மெஷின்கள் கணக்கையும் போட்டுவிட்டு நுழைந்தன. இஃப்ராவுக்கு ஆத்திரம் வந்தது. கணக்கைத் தூக்கிவிட்டு, "உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு வைத்தாள். 'கரிக்குது' என்று எழுதினால்தான் வழி விடும். சாயங்காலத்துக்குள் குப்பை நின்றுபோனது.

மறுநாள் மாரிச்செல்வி போனும் கையுமாக வந்தாள். கடலில் வலை வீசிப் பிழைக்கும் வீட்டுக்காரி.

"ஏத்தா, என்னைய உள்ள விட மாட்டேங்குதே!"

'வாயில வைக்க வெளங்கல' என்று எழுதியிருந்தாள். சரியான பதில்தானே! இஃப்ரா கூசிப்போனாள். இருவரும் தெருத் தெருவாகப் போய், யார் யார் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார்கள். கரிக்கிது, உப்பு, கடத்தண்ணி, வாயில வைக்க வெளங்கல. எல்லாவற்றுக்கும் வழி விட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும், அத்தனையையும் வரிசை எண் போட்டு அச்செடுத்து, மனுவோடு சேர்த்து, எழுதியவர்களையும் கூட்டிக்கொண்டு குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனார்கள். அலுவலர் தாள்களைப் புரட்டினார்.

"நெட்டுல யார் வேணா எழுதலாமேம்மா. மெஷின்கூட எழுதும்."

இஃப்ரா வாயைத் திறப்பதற்குள் மாரிச்செல்வி முன்னால் வந்தாள்.

"அறுபத்தொம்பதாவது ஆளு நாந்தான் சார். இந்தா நிக்கிறேன், மெஷினான்னு நல்லாப் பாருங்க."

"நான் பன்னெண்டு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நாப்பது," என்றார் இன்னொருவர். கூடத்தில் எண்கள் எழும்பிக்கொண்டே இருந்தன.

அலுவலர் மனுவை வாங்கி முத்திரை குத்தினார். தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க ஆள் வரும் தேதியை எழுதித் தரும்வரை இஃப்ரா மேசையை விட்டு நகரவில்லை.