விடியுமட்டும் பஞ்சலிங்கத்தின் நாள்

மரிசெல் சுவர் நாட்காட்டியை மூன்றாம் தடவையாக எண்ணிப் பார்த்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் நீல வட்டம். இன்றைய தேதியைச் சுற்றியும் வட்டம் இருந்தது. அப்படியானால் இன்று காலை நான்கு மணிக்குக் கிணற்றடியில் தண்ணீர் மிசினை இயக்கியது எப்படிக் களவாகும்?

"கள்ளத்தண்ணி" என்று கிணற்றடிக்கு வந்த பஞ்சலிங்கம் சொன்னபோது அந்தச் சொல்லின் பொருள் அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவருடைய முகம் பொருளைச் சொல்லிவிட்டது.

அச்சுவேலிக்குக் கிழக்கே, செம்மண் தோட்டவெளியின் நடுவில் இருந்த அந்தக் கிணற்றில் இரண்டு பங்குகள். ஒன்று பஞ்சலிங்கத்தினுடையது. மற்றது மரிசெலின் கணவன் கஜீபனுடையது. இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைக்க வேண்டும் என்பது இரண்டு தலைமுறைக்கு முன்பே பேசி முடித்த முறை.

மரிசெல் பிலிப்பைன்ஸ் நாட்டவள். டோகாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தபோது, அங்கே மின்வேலை பார்த்த கஜீபனை மணந்தாள். இருவரும் ஊருக்கு வந்தார்கள். கடைசி ஒப்பந்தத்தை முடிக்க அவன் மட்டும் திரும்பிப் போனான். அவள் தோட்டத்தோடு நின்றுவிட்டாள். "வெளிநாட்டுக்குப் போக ஊரே துடிக்குது. உவள் என்னடாவெண்டால் வெளிநாட்டிலையிருந்து வந்து இஞ்சை வெங்காயம் நடுறாள்" என்று சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள்.

முதற்போகத்து வெங்காயத்தை மழை அழுகச் செய்தது. இப்போது நிற்பது இரண்டாம் போகம். கிழங்கு திரண்டு வருகிறது. இன்னும் மூன்று வாரத் தண்ணீர் போதும். வைகாசி வெயிலோ நிலத்தை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் கஜீபன் அழைத்தான்.

"பஞ்சலிங்கண்ணை போன் எடுத்தவர். நீ அவரின்ரை முறையிலை இறைச்சனியாம்."

"இல்லை. என்ரை நாள். கலண்டரிலை இருக்கு."

"மரிசெல், அந்த மனுசன் முப்பது வரியமா அந்தக் கிணத்திலை இறைக்கிறார். முறையிலை பிழை விடமாட்டார்."

"அப்ப நான் பொய்யோ?"

மறுமுனையில் யாரோ ஏணியை இழுக்கும் ஓசை கேட்டது. அவன் குரலைத் தணித்தான்.

"பங்கை அவரிட்டையே குடுப்பம். முந்தியே விலைக்குக் கேட்டவர். வெங்காயத்தைக் கிண்டி எடுத்துப்போட்டு நீ உன்ரை அம்மாவிட்டைப் போய் இரு. நான் வர ரெண்டு வரியம்தானே."

அவளுடைய தகப்பன் நாற்பது வருடம் நெல் நட்டது பிறருடைய வயலில். ஒவ்வோர் அறுவடையின் பின்னும் அடுத்த வருடம் அந்த வயல் கிடைக்குமா என்று காத்திருந்த வீட்டிலிருந்துதான் அவள் டோகாவுக்குப் போனாள். தாயிடம் போய் இருப்பதென்றால் அந்தக் காத்திருப்புக்குள் மறுபடி போய் இருப்பதுதான்.

கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினாள். தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்து, நெருப்பை மூட்ட மறந்து, வாசல் படலைவரை போய் வந்தாள். இன்று தன் நாள்தானா என்பதே ஐயமாகிவிட்டதால் தோட்டத்துக்குப் போகவும் கால் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் வீதியைக் கடந்து பஞ்சலிங்கத்தின் வீட்டுக்கே போனாள். அவர் இல்லை. அவருடைய மனைவி கமலாவதி பாயில் செத்தல் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ளை. அந்த மனுசனோடை கோவமெண்டால் என்னோடையுமோ?"

"அக்கா, நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. நேற்று ஆரின்ரை நாள்?"

"எங்கடை."

"இண்டைக்கு?"

"உங்கடை."

"அப்ப காலமை நாலு மணி, என்ரைதானே?"

கமலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு மணிக்கு எப்பிடிப் பிள்ளை இண்டைக்கு வரும்? விடிஞ்சால்தானே நாள். சூரியன் வருமட்டும் நேற்றுத்தான்."

"பன்னிரண்டு மணிக்கு நாள் மாறும், அக்கா."

"அது மணிக்கூட்டுக்கு. கிணத்துக்கு இல்லை."

பழங்கிணறு ஒன்றில் வாழ்ந்த ஆமைகளிடம், வெள்ளத்தில் அடிபட்டு வந்த புதிய ஆமையொன்று அவ்விடத்து வழக்கங்களைக் கேட்டதாம். எந்தப் படியில் வெயில் காய்வது, எந்தப் பொந்தில் இரை கிடைக்கும் என்று அவை பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தன. வாளி இறங்கும்போது தெற்குச் சுவரோரம் ஒதுங்க வேண்டும் என்பதை மட்டும் எந்த ஆமையும் சொல்லவில்லை. ஒளித்து வைத்தது அல்ல. பிறந்தது முதல் ஒதுங்கி ஒதுங்கி, அதையும் ஒரு வழக்கமென்று அவை அறியாதிருந்தன. வாளி வந்து புதிய ஆமையின் ஓட்டில் இடித்தபோது, "கவனமில்லாத ஆமை" என்று ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறின.

டோகாவில் நாலு மணிச் சலவை முறைக்கு எழுந்து பழகிய மரிசெல், ஊரிலும் நான்கு மணிக்கே எழுந்தாள். வெயிலுக்கு முன் ஊற்றும் நீர் வேரில் நிற்கும் என்று அந்நேரமே இறைத்தாள். பஞ்சலிங்கம் விடியுமுன் தோட்டத்துக்கு வந்தவரல்லர். இந்த வறட்சியில் பீற்றூட் வாடுவதைக் கண்டு, தன் முறை முடிவதற்குள் ஒரு தரம் ஊற்றுவோம் என்று இன்றுதான் வந்தார். வந்தபோது கிணற்றில் அவளுடைய குழாய் கிடந்தது.

மரிசெல் பாயோரம் குந்தினாள். ஒரு மிளகாயை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, அப்ப நாளைக்குக் காலமை நாலு மணி ஆரின்ரை?"

"எங்க..." என்று தொடங்கிய கமலாவதி நிறுத்தினாள். "உங்கடை."

"நான் ஒருநாளும் அதிலை இறைக்கேல்லை. பன்னிரண்டு மணியோடை என்ரை நாள் முடிஞ்சுதெண்டு விட்டிட்டன். அண்ணை விடிய வரேக்கை கிணறு நிறைஞ்சிருக்கும்."

கமலாவதி மிளகாய்க் கையைக் கன்னத்தில் வைத்து, எரிவு தாங்காமல் எடுத்தாள். "ஐயோ, அதுதானே! இந்த வரியம் எங்கடை முறைக்குக் கிணறு நல்லாய் ஊறுதெண்டு அந்த மனுசன் சொல்லிச் சொல்லி, நான் பிள்ளையாருக்கு மோதகமும் அவிச்சுப் படைச்சனான்!"

பிற்பகல் மரிசெல் மிசினை இயக்கினாள். இனிச் சூரியன் எழுமட்டும் தன் நேரம்தான் என்று இப்போது ஐயமறத் தெரியும். ஆனாலும் மனம் அடங்கவில்லை. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வீதியை நிமிர்ந்து பார்த்தாள். பங்கு போய்விடுமானால் இந்த வாய்க்காலில் கால் வைக்கவும் பிறரைக் கேட்க வேண்டும்.

நாலரை மணிக்குப் பஞ்சலிங்கம் வரம்பு வழியே வந்தார். மனைவி சொல்லியிருப்பது நடையில் தெரிந்தது.

"சரி தங்கச்சி. தெரியாமல் செய்ததை நான் பெரிசாய் எடுக்கேல்லை. விடுவம்."

"அண்ணை, நீங்கள் கஜீபனுக்கு என்னைக் கள்ளி எண்டு சொன்னியள்."

"கள்ளி எண்டு ஆர் சொன்னது? கள்ளத்தண்ணி எண்டுதான் சொன்னனான்."

"தண்ணி தானாய்ப் போய்க் களவெடுக்குமோ?"

பஞ்சலிங்கம் தோள் துவாயை எடுத்து, வியர்க்காத கழுத்தைத் துடைத்தார். அவள் கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்து, ஒலியைக் கூட்டி அவரிடம் நீட்டினாள்.

"இப்பவோ? நாளைக்கு ஆறுதலாய்ச் சொல்லுறன்."

"நாளைக்கு எண்டால், அது எத்தினை மணிக்குத் தொடங்கும் எண்டு திரும்பவும் சண்டை வரும்."

அவருக்குச் சிரிப்பு முட்டியது. அதை இருமலாக்கிக்கொண்டு கைபேசியை வாங்கினார்.

"தம்பி, நான்தான். காலமை சொன்னதிலை ஒரு பிசகு... இல்லை, அவ விடியமுன்னம் இறைச்சது உண்மை. ஆனால் தன்ரை முறை முடியிற விடியப்புறத்தை இவ்வளவு நாளும் எனக்கு விட்டிருக்கிறா. ரெண்டும் சரிக்குச் சரி. நீ இந்தப் பிள்ளைக்கு முறையை வடிவாய்ச் சொல்லிக் குடுக்கேல்லை. ஓமடா, நானும் சொல்லேல்லை."

"அப்ப அண்ணை, பங்கு வாங்கிற கதை?" கஜீபனின் குரல் மிசின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. "நான் இண்டைக்கே ஒரு முடிவு சொல்லவேணும் எண்டு இருந்தன்."

பஞ்சலிங்கம் தம் பீற்றூட் பயிரைப் பார்த்தார். இலைகள் தலைகவிழ்ந்து கிடந்தன. நாள்தோறும் இறைக்கக் கிடைத்தால் அதற்கப்பால் தரிசாகக் கிடக்கும் நிலத்திலும் பயிர் வைக்கலாம். அந்த ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. மரிசெல் மண்வெட்டிப் பிடியை இரு கைகளாலும் பற்றி நின்றாள்.

"அதை என்னட்டைக் கேளாதை. இறைக்கிறவவிட்டைக் கேள்" என்று கைபேசியை அவளிடமே கொடுத்துவிட்டு அவர் விறுவிறென்று நடந்தார். பத்தடி போய்த் திரும்பினார். "நாளைக்கு விடியப்புறம் நீர் இறைக்கப் போறீரோ?"

"ஓம் அண்ணை."

"இறையும். அடிமட்டும் இறைச்சு, கீழை கிடக்கிற உப்புத்தண்ணியைக் கிளப்பிப் போடாதையும்."

கைபேசிக்குள் கஜீபன் கேட்டுக்கொண்டிருந்தான். "மரிசெல், கேக்குதோ? நீ என்ன சொல்லுறாய்? விப்பமோ, விடுவமோ?"

கடைசிப் பாத்தி நிரம்பி, மூலை வரம்பின் மேலால் செந்நீர் வழியத் தொடங்கியிருந்தது.

"விக்கேலாது. பிறகு எடு, வரம்பு உடையுது."

கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் ஓடினாள்.