ஏரிக்குள் போன கண்ணாடி

கண்ணாடிக்காரர் என்றால் அந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் கண்ணுக்கே பவர் மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது மனைவியா, மடக்கி வைத்த குடையா என்று சொல்லத் தெரியாது. "குடை பேசாது. அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்பார்" என்று அவர் மனைவி வேண்டியவர் வேண்டாதவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு அலுவலகத்தாரோடு பனிமலை மேலே இருக்கும் ஏரிக்குப் போய்விட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று இவர் ஆசையாகக் கேட்டார். "தண்ணி இருந்துச்சு, சுத்தி மலை இருந்துச்சு, கால் வலிச்சுது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

அதை வைத்துக்கொண்டு மனிதர் மூன்று வருடம் அவளைக் கிண்டலடித்தார். யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க வீட்டம்மாவை ஏரியைப் பத்திக் கேளுங்க. அப்படியே கண்ணு முன்னால கொண்டுவந்து நிறுத்துவா" என்பார். கடைசியில், "நானே பாத்துட்டு வந்து சொல்றேன், ஏரின்னா என்னன்னு" என்று கடையைப் பூட்டிவிட்டு அவளையும் கிளப்பிக்கொண்டு போனார்.

அடிவாரத்து விடுதியிலிருந்து மூன்று மணிநேர ஏற்றம். வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. மூச்சு வாங்கி நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் இயற்கையை ரசிப்பதாகச் சொல்லி நின்றார். அவர் ரசித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்து பிறகு நடந்தாள்.

கடைசி வளைவு திரும்பியதும் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. ஏரி வந்துவிட்டது. ஆனால் வேர்வையும் தூசியும் சேர்ந்து கண்ணாடி ஒரே மங்கலாக இருந்தது.

"இருக்கட்டும். சுத்தமாக் கழுவிட்டு, முதல் பார்வையே முழுசாப் பாக்கணும்" என்றார்.

கரையோரப் பாறையில் குந்தி, கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் அலசினார். பனி உருகி வந்த தண்ணீர். நாலு நொடியில் விரல் மரத்துப்போனது. அடுத்த நொடி கையில் கண்ணாடி இல்லை.

"எங்கே போச்சு?"

"உள்ளே போச்சு" என்றாள் மனைவி. எட்டிப் பார்த்தாள். "நல்லாத் தெரியுதுங்க. ரெண்டு காலையும் நீட்டிப் படுத்திருக்கு."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை விட்டுத் துழாவினார். தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்ததால் பக்கத்தில் கிடப்பது போலத்தான் அவளுக்குத் தெரிந்தது. உண்மையில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அவர் பல் கிட்டிப்போய்க் கையை வெளியே எடுத்தார்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் என்ன சொல்வீங்க? எப்பவும் இன்னொரு ஜோடி கையில வெச்சிருங்கன்னு."

"வெச்சிருக்கேனே. விடுதியில."

அவள் வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், எதிரே நீலமாகவும் வெள்ளையாகவும் இரண்டு பூச்சு மட்டும்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம்தான் வீம்பு பிடிப்பது?

"சரி, சொல்லேன். என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கு. சுத்தி மலை இருக்கு."

"இப்படிப் பழி வாங்கக் கூடாது."

"சரி சரி. எதிர்க்கரையில ஒரு வெள்ளைக் குதிரை தண்ணி குடிக்குது."

அவர் அவசரமாகத் திரும்பினார். "எங்கே?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

கண்ணைச் சுருக்கினார். "ஆமாமா. தெரியுது. தலையை ஆட்டுது பார்."

பக்கத்தில் மரப்பலகைக் கொட்டகையில் தேநீர் விற்கும் அம்மா இரண்டு கோப்பையோடு வந்து நின்றாள். "அது பனிங்க" என்றாள் சாவகாசமாக. "போன வருஷத்துலேருந்து அங்கேயேதான் கிடக்கு. தலையெல்லாம் ஆட்டாது."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைக் கோப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அவளுக்கே மனசு கேட்கவில்லை. மூன்று மணிநேரம் ஏறி வந்த மனுஷன். நெருங்கி உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்துச் சுட்டிக்காட்டிக்கொண்டே நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கரையோரம் தண்ணிக்கு நிறமே இல்லைங்க. கல்லுதான் தெரியுது. பத்தடி தள்ளிப் பச்சை. நடுவுல போகப்போக, நம்ம மசிப் புட்டியைக் கழுவும்போது கடைசியா ஒரு நீலம் வருமே, அது. பனி மேலேயிருந்து கோடு கோடா இறங்குது, அவசரத்துல தேய்ச்ச சட்டை மாதிரி. இப்போ மேகத்தோட நிழல் தண்ணி மேல நடந்து வருது. வருது. உங்க கிட்ட வந்தாச்சு."

சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்தில் வெயில் அணைந்து குளிர்ந்தது.

"இவ்வளவையும் வெச்சுக்கிட்டா மூணு வருஷம் சொல்லாம இருந்தே?"

"நீங்க ஒரு தடவைதானே கேட்டீங்க. அப்புறம் எல்லாம் கிண்டல்தானே."

குனிந்து பாறையைத் தடவிக்கொண்டிருந்தவர், சட்டென்று மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனார். மைனஸ் ஒன்பதுக்காரருக்கு நாலு விரல் தூரத்தில் தெரிவது போல உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பாறை இடுக்கில் கடுகளவு ஒரு பூ.

"இங்க பார். இதுக்கு எத்தனை இதழ்?"

அவள் குனிந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள். இன்னும் இழுத்தாள். "ஏதோ வெள்ளையா ஒரு புள்ளி."

"அஞ்சு இதழ். ஒவ்வொண்ணுலயும் ஊதா நிறத்துல ரெண்டு கோடு. நடுவுல மஞ்சள். ஒரு எறும்பு வேற உள்ளே போகலாமா வேண்டாமான்னு யோசிக்குது." அவருக்குக் குரலே மாறிவிட்டது. "எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"வெள்ளெழுத்து. கண்ணாடிக்காரன் பெண்டாட்டிக்கு."

"தபால் நிலையத்துல வெளிச்சம் போதலை. அவ்வளவுதான்."

"இங்கே வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்?"

தேநீர் அம்மா கோப்பைகளை வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் பத்திரமா இறங்குங்க" என்றாள். இருவரில் யாருக்குக் கண் மோசம் என்று நினைத்தாளோ தெரியவில்லை.

இறக்கத்தில் அவர் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். "கல்லு. வேர். இங்கே ஒரு படி" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு படிக்கு அவர் காலை உயரத் தூக்கி வைத்தார். வெறும் சமதரை. எதிரே ஏறி வந்த இருவர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"படி எங்கே?"

"அடுத்ததுல இருக்கு."

அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது தடவை "படி" என்றபோது அவள் விளையாடுகிறாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இருந்தாலும் காலை முன்னைவிட உயரமாகத் தூக்கி வைத்தார். அவர் கைக்குக் கீழே அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.